கடன் கொடுத்த கம்பெனியே மூடிட்டாங்க... பாக்கியைக் கட்டணுமா? கோர்ட் எதில் சலுகை தரும்?

திருவண்ணாமலை - செஞ்சி சாலையில் இருக்கும் கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களில் மாடு வாங்க, போர் போட, பிள்ளைகள் படிப்புக்கு என்று தனியார் நிதி நிறுவனங்களில் சிறு கடன் வாங்குவது சகஜம். அந்த நிறுவனமே நொடிந்து ஆபீஸைப் பூட்டிவிட்டால்? 'கம்பெனி போச்சு, கடனும் போச்சு' என்று பலர் இருந்துவிடுகிறார்கள். சில வருஷம் கழித்து நோட்டீஸ் வரும்போதுதான் அதிர்ச்சி.

கடன் ரத்தாகிவிடுமா?

ஆகாது. வெளியே நிற்கும் கடன் பாக்கியும் கம்பெனியின் சொத்துதான். நீதிமன்றமோ தீர்ப்பாயமோ நியமிக்கும் லிக்விடேட்டர், அதாவது கலைப்பு அதிகாரி, அதை வசூலிப்பார். ஊர் ஊராக வழக்கு நடத்திப் பணத்தைக் கரைக்காமல், கலைப்பு நடக்கும் நீதிமன்றத்திலேயே பாக்கியைக் கேட்கச் சட்டம் வழி செய்திருப்பதன் நோக்கத்தை, கேரளத்தின் 'சுதர்சன் சிட்ஸ்' வழக்கில் 1984ல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. அப்போது உயர் நீதிமன்றத்திடம் இருந்த இந்த வேலை, 2013 கம்பெனிகள் சட்டப்படி தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்கு வந்துவிட்டது.

பழைய கடனையும் கேட்கலாமா?

பொதுவாகக் கடன் வழக்குக்குக் காலக்கெடு 3 ஆண்டு. கலைப்பு தொடங்கிய நாளிலிருந்து கலைப்பு உத்தரவு வரும் வரையான காலத்தையும், அதன்பின் 1 ஆண்டையும் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அதனால் கெடு நீளும். ஆனால் கலைப்பு மனு போடும் முன்பே கெடு முடிந்த கடனுக்கு இதனால் உயிர் வராது. 2002ல் 'கர்நாடகா ஸ்டீல்' வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. நோட்டீஸ் வந்தால் முதலில் தேதிகளைப் பாருங்கள்.

எதில் சலுகை கேட்கலாம்?

* வட்டி: ஆபீஸ் பூட்டிக் கிடந்து, பணம் கட்ட ஆளே இல்லாத காலத்துக்கான வட்டியையும் அபராதத்தையும் குறைக்கச் சொல்லலாம். சிவில் கோர்ட் வழக்கு என்றால், வணிகம் சாராத சாதாரண கடனுக்குத் தீர்ப்புக்குப் பிந்தைய வட்டி ஆண்டுக்கு 6%ஐத் தாண்டக்கூடாது.
* தவணை: மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் தவணை கேட்கலாம்.
* சமரசம்: தீர்ப்பாயத்தின் அனுமதியோடு, ஒரு தொகைக்குப் பேசி முடிக்க லிக்விடேட்டருக்கு அதிகாரம் உண்டு.
* ஜப்தி: சமையல் பாத்திரம், தாலி, தொழில் கருவி, விவசாயியின் உழவு மாடு, அவர் குடியிருக்கும் வீடு ஆகியவற்றுக்கு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60வது பிரிவு பாதுகாப்பு தருகிறது. அடமானம் வைத்த வீட்டுக்கு இது பொருந்தாது.
* கைது: வசதி இருந்தும் ஏமாற்றுபவரை மட்டுமே கடனுக்காகச் சிறையில் அடைக்கலாம், வெறும் இல்லாமைக்காக அடைக்க முடியாது என்று 1980ல் 'ஜாலி ஜார்ஜ் வர்கீஸ்' வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அசலையே தள்ளுபடி செய்வார்களா?

அது கஷ்டம். அந்தப் பணம் பெரும்பாலும் டெபாசிட் போட்டவர்களுடையது. அவர்களிலும் ரிட்டையர் ஆனவர்கள், மகள் கல்யாணத்துக்குச் சேர்த்தவர்கள் இருப்பார்கள். ஒருவருக்கு விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் இன்னொருவர் பங்கில் குறையும். அதனால்தான் சலுகை பெரும்பாலும் வட்டியோடும் அவகாசத்தோடும் நின்றுவிடுகிறது.

என்ன செய்யணும்?

நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்பாதீர்கள். ஆஜராகாவிட்டால் உங்கள் தரப்பைக் கேட்காமலே உத்தரவு வரலாம். பழைய வசூல் ஏஜென்ட் கையில் பணம் கொடுக்காமல், லிக்விடேட்டரிடம் கட்டி ரசீது வாங்குங்கள். ஏற்கெனவே கட்டிய ரசீது, பாஸ்புக் எல்லாம் பத்திரம். கம்பெனி கணக்கில் விட்டுப்போன தொகையை அவைதான் நிரூபிக்கும். நகை அடகு வைத்திருந்தால், அது விற்கப்படும் வரை பாக்கியைக் கட்டி மீட்க உங்களுக்கு உரிமை உண்டு.

வக்கீல் வைக்க வசதி இல்லையா? 15100 என்ற சட்ட உதவி எண்ணில் கேளுங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்கும்.