காற்றாலையின் இறக்கை எதனால் ஆனது?

பிளாஸ்டிக்கை ஒழிக்க வேண்டும், காற்றாலை மின்சாரம் பெருக வேண்டும் என்று ஒரே மேடையில் பேசுகிறார்கள். இரண்டும் நல்ல விருப்பம்தான். ஆனால் ஆரல்வாய்மொழிப் பக்கம் சுற்றும் அந்த நீண்ட இறக்கைகள் எதனால் ஆனவை என்று நண்பர்களைக் கேட்டால், இரும்பு என்கிறார்கள், அலுமினியம் என்கிறார்கள். உண்மையில் அது பிளாஸ்டிக். கண்ணாடி இழையை அச்சில் அடுக்கி, பிசின் ஊற்றி இறுகச் செய்தது. நம் கடற்கரையில் கட்டுமரத்தின் இடத்தைப் பிடித்த ஃபைபர் படகும் இதே சாதிதான்.

இரும்பில் செய்து பார்க்காமல் இல்லை. அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில், பால்மர் பட்னம் என்ற பொறியாளர் 1941-ல் ஒரு பெரிய காற்றாலையை மலைமேல் நிறுத்தினார். திறன் 1,250 கிலோவாட். இரண்டு இரும்பு இறக்கைகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 8 டன். 1943-ல் ஒரு பேரிங் போயிற்று. யுத்த காலம், மாற்றுப் பாகம் கிடைக்கவே இரண்டு ஆண்டு ஆயிற்று. இறக்கையின் அடிப்பகுதி பலவீனம் என்று தெரிந்திருந்தும் சரிசெய்ய வழியில்லை. 1945 மார்ச் 26 அன்று ஓர் இறக்கை முறிந்து பறந்துபோய் விழுந்தது. அத்துடன் அந்த முயற்சி முடிந்தது.

காரணம் எளிது. இறக்கை மேலே போகும்போது ஒரு பக்கம் வளைகிறது, கீழே வரும்போது மறுபக்கம். நிமிடத்துக்கு 15 சுற்று என்று வைத்தாலும் 20 ஆண்டில் பத்துக் கோடி முறைக்கு மேல் இப்படி வளைய வேண்டும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் ஒடிந்துபோவது நாம் அறிந்ததே. போதாக்குறைக்கு, இறக்கை நீளமாக நீளமாக அதன் சொந்த எடையே அதற்கு எமன்.

வழி கண்டவர் ஜெர்மனியின் உல்ரிச் ஹ்யூட்டர். கிளைடர் விமானங்களை வடிவமைத்தவர். எடை குறைய வேண்டும், வலு குறையக் கூடாது என்ற கணக்கு அவருக்குக் கைவந்தது. 1957-ல் அவர் அமைத்த 100 கிலோவாட் காற்றாலைக்குக் கண்ணாடி இழை இறக்கைகளைப் பொருத்தினார். அதன் அடிப்பகுதியில் இழைகளை இரும்பு வளையத்தோடு பிணைக்கும் முறையும் அவருடையதே. ஆனால் அப்போது எண்ணெய் மலிவு. யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

1973-ல் எண்ணெய் விலை ஏறிய பிறகு, டென்மார்க்கில் ட்விண்ட் என்ற பள்ளியின் ஆசிரியர்களும் மாணவர்களும் தாங்களே ஒரு பெரிய காற்றாலையைக் கட்டத் தொடங்கினார்கள். 27 மீட்டர் கண்ணாடி இழை இறக்கைகளைக் கையாலேயே செய்தார்கள். அடிப்பகுதிக்கு ஹ்யூட்டர் காட்டிய முறையே கைகொடுத்தது. 1978-ல் அது சுற்றத் தொடங்கியது. அங்கே கற்றதைச் சிறு பட்டறைகள் எடுத்துக்கொண்டு ஐந்து மீட்டர் இறக்கைகள் செய்து விற்றன. டென்மார்க்கின் காற்றாலைத் தொழில் அப்படித்தான் வளர்ந்தது. 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் நம் நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று எழுந்தபோது, இந்தப் படிப்பினையெல்லாம் உலகுக்குக் கிடைத்திருந்தது.

2019-ல் பிரான்சின் ஷெர்பூர் நகரில் 107 மீட்டர் நீள இறக்கையைச் செய்து முடித்தார்கள். காற்றாலையைப் பிரெஞ்சில் ‘எயோலியென்’ என்பார்கள். கிரேக்கரின் காற்றுத் தேவன் எயோலசின் பெயரால் வந்த சொல். அந்தத் தேவனுக்கு இன்று பிளாஸ்டிக் சிறகு.

இனி சங்கடமான பகுதி. பிளாஸ்டிக்கில் இரண்டு வகை உண்டு. ஒன்று வெல்லம் போல: சூடாக்கினால் உருகும், ஆறினால் இறுகும், மறுபடி உருக்கலாம். மற்றது வெந்த முட்டை போல: இறுகியது இறுகியதுதான். இறக்கையின் பிசின் இரண்டாவது வகை. அதனால்தான் அமெரிக்காவின் வயோமிங்கில் பழைய இறக்கைகளைத் துண்டுபோட்டு மண்ணில் புதைத்தார்கள். சில இடங்களில் அரைத்து சிமெண்ட் சூளையில் எரிக்கிறார்கள். அது ஓரளவு நல்ல வழி.

இதற்கும் மாற்று வருகிறது. ‘ஸீப்ரா’ என்ற பிரெஞ்சுத் திட்டத்தில், மீண்டும் பிரித்தெடுக்கக்கூடிய, வெல்ல வகைப் பிசினால் 62 மீட்டர் இறக்கை ஒன்றை 2022-ல் செய்து காட்டினார்கள்.

நம் தெற்கு மாவட்டங்களில் 1990-களில் நிறுத்திய காற்றாலைகள் இப்போது கிழடுதட்டிவிட்டன. அவற்றை இறக்கிப் பெரியவற்றை நிறுத்தும்போது, கழற்றிய இறக்கை எங்கே போகும் என்பதும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. கோப்புகளோடு வாழ்ந்தவன் சொல்கிறேன்: ஆரம்பத்தில் எழுதாத வரியைப் பிற்பாடு யாரும் எழுதுவதில்லை.

பிளாஸ்டிக் என்றாலே தீங்கு என்று நான் சொல்ல மாட்டேன். பத்து நிமிடம் பயன்பட்டுக் குப்பைக்குப் போகும் பையும், இருபது ஆண்டு மின்சாரம் தரும் இறக்கையும் ஒன்றல்ல. ஆனால் இரண்டுக்கும் ஒரு கடைசி நாள் உண்டு. அதற்கும் கணக்கு வைப்பதுதான் முறை.