போர்த்துகீசியம் பேசினால் தண்டனை!

ஜப்பானில் மாணவர்களை ஓரிரு நாள் ஒரே இடத்தில் தங்கவைத்து ஆங்கிலம் பழக்கும் முகாம்கள் உண்டு. சாப்பாடு, விளையாட்டு, அரட்டை எல்லாம் ஆங்கிலத்தில்தான். ஏதோ புது முறை போலத் தோன்றும். ஆனால் 16-ஆம் நூற்றாண்டிலேயே ஏரலுக்குப் பக்கத்தில் இது நடந்திருக்கிறது. கற்றவர்கள் ஐரோப்பியர்கள். கற்ற மொழி தமிழ்!

ஏரலைத் தாண்டி ஓடும் தாமிரபரணி, புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. முத்துக்குளித்துறையின் முக்கியமான ஊர் அது. 1542-ல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், ஜெபங்களைத் தமிழில் மொழிபெயர்த்து வாங்கி, மனப்பாடம் செய்து பரதவ மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அங்கேதான் சிக்கல். 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்று இருந்தது! விஷயம் தெரிந்ததும் 1544-ல் சக ஊழியருக்குக் கடிதம் எழுதித் திருத்தச் சொன்னார். 1549-ல் அவர் ஜப்பான் போனபோதும் இதே கதைதான். கடவுளுக்கு 'தைநிச்சி' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். அது புத்தரின் ஒரு வடிவத்தைக் குறிக்கும் பெயர் என்று தெரிந்தபின் கைவிட்டார்.

மனப்பாடம் போதாது என்று புரிந்துகொண்டவர், 1547-ல் இந்தக் கரைக்கு வந்த ஹென்றிக் ஹென்றிக்கஸ். முதலில் துபாஷியை வைத்துத்தான் பேசினார். பிறகு மற்ற வேலைகளைக் குறைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தமிழோடு உட்கார்ந்தார். லத்தீன் இலக்கணம் மாதிரி வினைச்சொற்களைக் காலம் பிரித்து எழுதினார். பின்னாளில் வருகிறவர்களுக்கு அது இலக்கண நூலாக உதவியது. அதோடு ஒரு விதியும் வந்தது. தமிழ் தெரிந்த பாதிரிமார் தங்களுக்குள்ளும் தமிழில்தான் பேச வேண்டும். வாய் தவறிப் போர்த்துகீசியம் வந்தால் தண்டனை.

பலன்? 1578-ல் கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சானது. வெறும் 16 பக்கம். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் புத்தகம் அதுதான்.

அவர்கள் மதம் பரப்பத்தான் வந்தார்கள், சந்தேகமில்லை. ஆனால் தமிழில் பேசினால் அபராதம் என்று தமிழ்நாட்டுப் பள்ளிகளிலேயே கேட்ட காலம் உண்டு. அந்த விதி, சொந்த மண்ணில் பிள்ளையின் வாயைக் கட்டுகிறது. புன்னைக்காயல் விதி, வந்தவனின் வாயைத்தான் கட்டியது. வேற்றுமொழி கற்பது நல்ல காரியம்தான். அதற்குத் தண்டனை தேவையென்றால், அதைத் தனக்குத்தானே போட்டுக்கொள்ள வேண்டும்.