தரை மட்டும் மரம்



அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் தன் அப்பா வைத்திருந்த பழைய அலுமினிய டிரெய்லரைப் பிரித்துப் போட்டிருந்தார். காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற வீடு.

இந்த வகையில் பேர் பெற்றது வாலி பயம் தொடங்கிய ஏர்ஸ்ட்ரீம். 1936-இல் வந்த அதன் 'கிளிப்பர்', விமானம் போல ரிவெட் அடித்த கூடு. 1969-இல் நிலவிலிருந்து திரும்பிய ஆம்ஸ்ட்ராங் குழுவைத் தனிமையில் வைத்ததும் ஏர்ஸ்ட்ரீமை மாற்றிச் செய்த அறையில்தான். (வகுப்பில் இதை உங்களுக்குச் சொல்லாமல் விட்டேனே!)

கூடு அலுமினியம், தரை பிளைவுட். 1934-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நெவின் தண்ணீருக்கு விடாத பசையைக் கண்டுபிடித்த பிறகு பிளைவுட்மேல் நம்பிக்கை கூடியது. பசை தாங்கும், மரம் தாங்காது. ஜன்னலோரம் கசிகிற மழைநீர் தங்கினால் பூஞ்சை பிடித்து மக்கிவிடும்.

பலகையின் விளிம்பு மேலே கூட்டுக்கும் கீழே இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் மாட்டியிருக்கும். அது மக்கினால் இரண்டுக்கும் பிடிப்புப் போய், பின்பக்கம் தொங்கிவிடும். கார்பெட் போட்டு மூடுவது தப்பு என்பது அதனால்தான்.

அவர் முதலில் கசிவை அடைத்தார். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்து, மெத்தென்று இறங்கிய இடமெல்லாம் வெட்டியெடுத்தார். சட்டத்தின் துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடித்தார். புதுப் பலகையின் விளிம்புகளுக்கு எபாக்சி பூசி, காயவிட்டு, போல்ட் முடுக்கினார்.

வாசல் பக்கம் ஓட்டையை மறைத்து அப்பா என்றோ அடித்த தகரத் துண்டு ஒன்று கிடந்தது. அதை மட்டும் குப்பையில் போடாமல் துடைத்து எடுத்து வைத்துக்கொண்டார்.