வேலிக்கு வெளியே நின்றவர்கள்: ஒசாகாவும் ஆர்லாண்டோவும்

ஒரு கேளிக்கைப் பூங்கா திறந்தபின் அதைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் வந்துவிடுகிறார்கள். எந்தச் சவாரிக்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், சாப்பாடு என்ன விலை, எல்லாம் தெரிந்துவிடும். அதற்கு முந்தைய ஆண்டுகள், மண்குவியலும் இரும்புச் சட்டமும் மட்டுமே இருந்த ஆண்டுகள், சீக்கிரம் மறந்துபோகின்றன. மாரியோ ரசிகர்களுக்கோ அந்த ஆண்டுகள்தான் நீளமானவை. மாரியோ ஆட்டங்களை உருவாக்கும் நின்டெண்டோவும் கேளிக்கைப் பூங்காக்களை நடத்தும் யூனிவர்சலும் கைகோத்த செய்தி 2015 மே மாதம் வந்தது. யூனிவர்சல் பூங்காவுக்குள் மாரியோவுக்கென்றே அமைந்த பகுதியான சூப்பர் நின்டெண்டோ வேர்ல்ட் முதலில் ஜப்பானின் ஒசாகாவில் 2021 மார்ச் 18 அன்று திறந்தது. அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் அது திறந்தபோது 2025 மே 22 ஆகிவிட்டது. இடையில் 2023 பிப்ரவரியில் ஹாலிவுட்டிலும் ஒன்று திறந்தது. அது அளவில் சிறியது, யோஷி சவாரியும் அங்கே இல்லை. இந்த ஒப்பீட்டுக்கு அது வேண்டியதில்லை.

ஒசாகா ஆறு ஆண்டு காக்க வைத்தது, ஆர்லாண்டோ பத்து ஆண்டு. ஆனால் நான் இங்கே ஒப்பிட நினைப்பது காலத்தின் நீளத்தை அல்ல, காத்திருந்தவர்களின் கண்ணுக்கு என்ன கிடைத்தது என்பதை. ஒசாகாவில் நிர்வாகம் காட்டியபோது மக்கள் பார்த்தார்கள். ஆர்லாண்டோவில் மக்கள் பார்த்து முடித்தபின் நிர்வாகம் காட்டியது.

ஒசாகா கதை ஒழுங்காகத்தான் தொடங்கியது. 2016 டிசம்பரில் பெயரையும் தொகையையும் அறிவித்தார்கள்: 5,000 கோடி யென்னுக்கு மேல். அதே பூங்காவில் 2014இல் திறந்த ஹாரி பாட்டர் பகுதிக்கு 4,500 கோடி யென் ஆகியிருந்தது. அது கூட்டத்தை அள்ளிக்கொண்டு வந்ததைப் பார்த்தவர்களுக்கு, அதைவிடப் பெரிய தொகை என்றால் என்ன பொருள் என்று விளங்கியது. 2017 ஜூன் 8 அன்று அடிக்கல் விழா. மாரியோவைப் படைத்த ஷிகெரு மியாமொட்டோவே வந்திருந்தார். 2020 டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன் திறப்போம் என்றார்கள். அதன்பின் வேலி எழுந்தது. வேலிக்குள் நடப்பதைப் பற்றி அதிகாரபூர்வமான சொல் அபூர்வமாகவே வந்தது.

யூனிவர்சல் ஸ்டுடியோஸ் ஜப்பான் ஒசாகா விரிகுடாவை ஒட்டிய கோனொஹானா வட்டாரத்தில் இருக்கிறது. வாசலுக்கு எதிரே உயரமான ஓட்டல்கள். வேலிக்குள் எட்டிப் பார்க்க விரும்பியவர்களுக்கு அந்த மாடி ஜன்னல்கள்தான் கதி. பச்சை மேட்டின் உச்சி, மாரியோவின் எதிரி பௌசரின் கோட்டை முனை, சாரத்தின் பின்னால் ஏதோ ஒரு மஞ்சள் நிறம். அவ்வளவுதான் கிடைத்தது. அந்தத் துண்டுகளை வைத்துக்கொண்டு மீதியை மனத்தில் கட்டினார்கள்.

இதை வெறும் ரகசியக் காப்பு என்று சொல்லிவிட முடியாது. அந்தப் பகுதியின் வடிவமே அப்படி. நாலாபுறமும் மேடுகளும் சுவர்களும் உயர்ந்து நிற்க, நடுவில் பள்ளம்போல் முற்றம். உள்ளே போக ஒரு பச்சைக் குழாய். குழாயைத் தாண்டினால் இளவரசி பீச்சின் கோட்டை. கோட்டையை விட்டு வெளியே கால் வைத்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் விரியும்: சுழலும் நாணயங்கள், அடுக்கடுக்கான தளங்களில் ஊர்ந்து போகும் கூம்பா என்ற சிறு எதிரிகள், எதிரே பௌசரின் கோட்டை. உள்ளே நிற்பவருக்கு ஒசாகா நகரத்தின் ஒரு கட்டடமும் கண்ணில் படக்கூடாது என்று எழுப்பிய அந்த உயரம், வெளியே நிற்பவரின் பார்வையையும் மறித்தது. கட்டும் காலத்து மறைப்பும் கட்டி முடித்த இடத்தின் மாயமும் ஒரே சுவரிலிருந்து வந்தவை. 1985இல் வந்த முதல் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஆட்டத்தை ஆடியவர்களுக்கு இந்த உணர்வு பழக்கமானது. திரையின் வலது ஓரத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அதில் முன்கூட்டித் தெரியாது. போய்த்தான் பார்க்க வேண்டும், போனபின் திரை பின்னால் திரும்பவும் செய்யாது.

ஆர்லாண்டோவில் இப்படி எதையும் மூடி வைக்க முடியவில்லை. அதற்கு முதல் காரணம் சட்டம். ஃப்ளோரிடாவில் கட்டட வேலை தொடங்குமுன் சொத்துக்காரர் ஒரு தொடக்க அறிவிப்பை மாவட்டப் பதிவாளரிடம் பதிய வேண்டும். இடம் எது, உரிமையாளர் யார், என்ன வேலை, ஒப்பந்ததாரர் யார் என்று ஓரிரு பக்கத்தில் அடங்கிவிடும் தாள் அது. நகலை வேலை நடக்கும் இடத்திலும் ஒட்ட வேண்டும். ரசிகர்களுக்காக எழுதப்பட்ட சட்டமல்ல. செங்கல், கம்பி கொடுத்தவரும் துணை ஒப்பந்தக்காரரும் தங்கள் பணத்துக்கு யாரிடம் உரிமை கோரலாம் என்று தெரிந்துகொள்வதற்காக வந்தது. ஆனால் பதிவான தாளை யாரும் பார்க்கலாம். இன்ன நிறுவனம் இந்த வேலையை எடுத்திருக்கிறது என்று அதிலிருந்து தெரியும். அந்த நிறுவனம் இதற்குமுன் என்ன செய்தது என்று தேடினால், பாறை வேலையா, தண்டவாளமா, மின்வேலையா என்று ஊகித்துவிடலாம். மழைநீர் வடிகால் அனுமதிக்குக் கொடுக்கும் வரைபடங்களும் அப்படியே. பெயர் எதுவும் இராது. கட்டடங்களின் வெளிக்கோடு மட்டும் இருக்கும். அந்தக் கோடு போதும் ரசிகர்களுக்கு.

இரண்டாவது காரணம் வானம். டிஸ்னி வேர்ல்டின் மேல் தாழப் பறக்க 2003 முதல் தடை இருக்கிறது. யூனிவர்சலுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே ஆர்லாண்டோவின் மாரியோ பகுதியை உள்ளடக்கிய எபிக் யூனிவர்ஸ் என்ற புதுப் பூங்கா எழுந்த நிலத்தின் மேல் ஹெலிகாப்டரில் வட்டமடித்துப் படமெடுக்கச் சிலர் வழக்கமாகவே கிளம்பினார்கள். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே என்ன மாறியது என்று பார்ப்பதே ஆயிரக்கணக்கானோருக்கு ஒரு பொழுதாயிற்று.

அந்தப் படங்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு மேடு எப்படிப் பிறக்கிறது என்று புரியும். முதலில் தூண்கள். பிறகு வளைந்த கம்பிகளால் ஒரு கூடு. தூரத்திலிருந்து பார்க்கையில் கலைந்த சிலந்தி வலை போலிருக்கும். அதன்மேல் வலைத்தகடு. அதன்மேல் சிமென்ட் கலவை. கலவை இறுகுவதற்குள் கைக்கருவியால் பாறையின் வெடிப்பையும் புல்லின் விளிம்பையும் செதுக்குகிறார்கள். கடைசியில்தான் வண்ணம். சாம்பல் நிறத்தில் மாதக்கணக்கில் கிடந்த ஒரு குவியல் ஒரு நாள் பச்சையாகி, அதன் உச்சியில் கொடி ஏறியதும் மாரியோ உலகம் ஆகிவிடுகிறது. சுதைவேலையின் அத்தனை படியையும் ஒசாகா ரசிகர் இழந்தார், ஆர்லாண்டோ ரசிகர் பெற்றார். என் தராசு ஆர்லாண்டோ பக்கம் சாய முதற்காரணம் இதுதான்.

இன்னொரு காரணம், நின்டெண்டோவின் குரங்குப் பாத்திரமான டாங்கி காங்கின் பெயரில் அதற்குள் அமைந்த பகுதியிலுள்ள சுரங்கவண்டிச் சவாரி. உடைந்த தண்டவாளத்தின் விளிம்புவரை வண்டி பாய்ந்து, இடைவெளியைத் தாவி, மறுபக்கத் தண்டவாளத்தில் விழுவதுபோல் தோன்றும். கண்ணுக்குத் தெரியும் அந்தத் தண்டவாளம் அலங்காரம் மட்டுமே. உண்மையான பாதை கீழே மறைவாக ஓடுகிறது. அங்கிருந்து ஒரு கை பக்கவாட்டில் நீண்டு வண்டியைத் தாங்குகிறது. யூனிவர்சல் இதற்கு வாங்கிய காப்புரிமை ஆவணத்திலேயே படம் போட்டு விளக்கியிருந்தது; ஹெலிகாப்டர் படங்களில் அந்தப் பாதை வளைந்து போவதும் தெரிந்தது. சூட்சுமம் தெரிந்தவர்களுக்குச் சவாரி சப்பென்று ஆகிவிடுமே என்று சிலர் வருந்தினார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. எப்படித் தாவுகிறது என்று தெரிந்தவரும் விளிம்பில் கம்பியை இறுகப் பிடிக்கத்தான் செய்வார். கட்டியவர்களின் மூளையைப் பாராட்ட அவருக்கு ஒரு காரணம் கூடுதலாகக் கிடைக்கிறது. குழந்தைகளை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். எட்டு வயதுப் பிள்ளையிடம் அந்தப் படத்தை முன்கூட்டிக் காட்டுவது தவறு.

தாள்கள் எப்போதும் வழிகாட்டின என்றும் இல்லை. மாரியோ ஆர்லாண்டோவுக்கும் வருவார் என்று 2016இல் அறிவித்ததும், பழைய பூங்காவிலிருந்த கிட்ஸோன் என்ற சிறுவர் மூலையைத்தான் இடிப்பார்கள் என்று ரசிகர்கள் நம்பினார்கள். அந்த மூலை 2023 ஜனவரி வரை அப்படியே இருந்தது. பிறகு அது ட்ரீம்வொர்க்ஸ் லேண்டாக மாறியது. மாரியோ புதுப் பூங்காவுக்குப் போய்விட்டார். எந்த ஆவணத்தாலும் எந்தக் காமிராவாலும் எட்ட முடியாதது வேறொன்றும் உண்டு. மாரியோ கார்ட் சவாரியின் உயிர், தலையில் மாட்டும் கண்ணாடிக்குள் தெரியும் உருவங்களில் இருக்கிறது. மேலிருந்து எடுத்த படத்தில் அந்தக் கட்டடம் ஒரு வெள்ளைக் கூரை, அவ்வளவே. ஆனால் அதற்குள் ஒசாகா திறந்துவிட்டிருந்தது. ஆர்லாண்டோக்காரர்கள் கூரைக்கடியில் என்ன இருக்கிறது என்று ஒசாகாவில் போய்வந்தவர்கள் சொல்லி அறிந்தார்கள். ஒருவகையில் ஒசாகா ரசிகர்கள் ஒன்றும் தெரியாமல் காத்ததால்தான் ஆர்லாண்டோ ரசிகர்களால் எல்லாம் தெரிந்து காக்க முடிந்தது.

கொரோனா காலம் இரண்டையும் சோதித்தது, ஆனால் ஒரே விதமாக அல்ல. எபிக் யூனிவர்ஸை 2019 ஆகஸ்ட் 1 அன்று அறிவித்தார்கள். ஓராண்டு நிறைவதற்குள் வேலையை நிறுத்திவிட்டதாகச் செய்தி வந்தது. நிலத்தைச் சீர்செய்து வைத்திருந்த நிலையில் இயந்திரங்கள் போய்விட்டன. ஹெலிகாப்டர்காரர்களுக்குப் படமெடுக்க மண்ணும் தேங்கிய நீரும்தான் மிச்சம். பூங்கா வருமா வராதா என்ற கவலை அங்கே. ஒசாகாவில் கட்டடம் ஏறக்குறைய முடிந்துவிட்டது, கதவுதான் திறக்கவில்லை. 2020 கோடையில் நடக்கவிருந்த திறப்பு தள்ளிப்போனது. அக்டோபரில் அந்தப் பகுதிக்கு வெளியே மாரியோ பெயரில் ஒரு சிற்றுண்டிக் கடையும் விற்பனைக் கடையும் திறந்தார்கள். டிசம்பரில் மியாமொட்டோ தானே முன்னால் நடந்து சுற்றிக் காட்டும் காணொளி வந்தது. ஆண்டுக்கணக்கில் மூடி வைத்ததை அவரே திறந்து காட்டியபோது அதிலிருந்த பெருமிதம் உண்மையானது; எந்த ஹெலிகாப்டர் படத்துக்கும் அது வராது. 2021 பிப்ரவரி 4 என்று திறப்புத் தேதி குறித்தார்கள். அவசரநிலை வந்து அதுவும் நகர்ந்தது.

2021 மார்ச் 3 அன்று எபிக் யூனிவர்ஸ் வேலை மறுபடி தொடங்குவதாக யூனிவர்சல் அறிவித்தது. பதினைந்து நாளில் ஒசாகா திறந்தது. ஒரே பதினைந்து நாளுக்குள் ஒரு காத்திருப்பு முடிந்து, இன்னொன்றுக்கு மூச்சு திரும்பியது. அந்த மார்ச் மாதத்தை இந்தக் கதையின் நடுப்புள்ளி என்று வைத்துக்கொள்ளலாம்.

இரு தரப்பு ரசிகர்களிடமும் நான் காணும் குறை ஒன்றுதான். கட்டடம் தானாக எழுந்ததுபோலவே பேசுகிறார்கள். ‘இந்த வாரம் கோட்டைக்கு வண்ணம் ஏறிவிட்டது’ என்பார்கள். ஏற்றியவர் யார்? படங்களை உற்றுப் பார்த்தால் பளிச்சென்ற மேற்சட்டையும் தலைக்கவசமுமாகச் சிறு புள்ளிகள் தெரியும். ஃப்ளோரிடா கோடை வெயிலில், கம்பிக்கூட்டின் மேல், கலவை இறுகுவதற்குள் பாறையைச் செதுக்கியவர்கள் அவர்கள். ஒரு கொடியின் நிறம் மாறியதைக் கண்டுபிடிக்கும் கூர்மையுள்ள கண்களுக்கு இவர்களும் தெரிய வேண்டும். இந்த விஷயத்தில் ஒசாகாவின் உயரமான வேலியைவிட ஆர்லாண்டோவின் திறந்த வானத்தின்மேல்தான் எனக்கு எதிர்பார்ப்பு அதிகம், ஆகவே ஏமாற்றமும் அதிகம்.

ஒசாகாவில் டாங்கி காங் பகுதி பின்னிணைப்பாக 2024 டிசம்பர் 11 அன்று திறந்தது. ஆர்லாண்டோவில் முதல் நாளிலேயே அது இருந்தது. அத்தோடு இந்த இரண்டு இடத்தின் கணக்கும் இப்போதைக்கு நேராகிறது. மாரியோ அடுத்து வருவதாகச் சொன்னது சிங்கப்பூருக்கு. அங்கே யூனிவர்சல் பூங்காவைக் கொண்ட ரிசார்ட்ஸ் வேர்ல்ட் செந்தோசாவின் 450 கோடி சிங்கப்பூர் டாலர் விரிவாக்கத்தை 2019 ஏப்ரலில் அறிவித்தபோது, மினியன் லேண்டோடு சூப்பர் நின்டெண்டோ வேர்ல்டும் பட்டியலில் இருந்தது. மினியன் லேண்ட் 2025 பிப்ரவரியில் திறந்துவிட்டது. சிங்கப்பூருக்குக் கட்டுமான வேலைக்குப் போகிறவர்களில் தமிழ்நாட்டுக்காரர்கள் நிறைய. கட்டடத் தளங்களின் வேலியில் தொங்கும் எச்சரிக்கைப் பலகை நான்கு மொழியில் இருக்கும், தமிழும் அதில் ஒன்று. எட்டிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒசாகாவின் ஓட்டல் ஜன்னலும் வேண்டாம், ஆர்லாண்டோவின் ஹெலிகாப்டரும் வேண்டாம். மவுண்ட் ஃபேபரிலிருந்து செந்தோசா போகும் கேபிள் காருக்கு டிக்கெட் எடுத்தால் போதும்; துறைமுகத்தைக் கடந்து தீவை நெருங்கும்போது பூங்காவின் கூரைகள் கீழே தெரியும்.