புன்னைக்காயலா, மணப்பாடா?

பொங்கல் விடுமுறையில் இரண்டு நாட்களைக் கடற்கரையில் கழிப்பதென்று முடிவாயிற்று. எந்த ஊரில் என்பதில்தான் எங்களுக்குள் பிணக்கு. திருச்செந்தூர்க் கூட்டம் வேண்டாம் என்பதில் மட்டும் ஒற்றுமை இருந்தது. எஞ்சியவை இரண்டு சிற்றூர்கள்: தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல், திருச்செந்தூருக்குத் தெற்கே ஏறத்தாழ 18 கி.மீ. தொலைவிலுள்ள மணப்பாடு. இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருந்தாலும், 1986 வரை இரண்டும் திருநெல்வேலிச் சீமையின் ஊர்களே. இரண்டும் முத்துக்குளித்துறைப் பரதவர்களின் ஊர்கள்.

மணப்பாட்டுக்காக வாதிட்டவருக்கு வேலை எளிதாயிருந்தது. கடலுக்குள் நீண்டு நிற்கும் மணற்பாறைக் குன்று, அதன் மேல் 1581-இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம், அடிவாரத்தில் பிறை போல் வளைந்த கரை, அருகே கரமனையாற்றின் முகத்துவாரம். 1542-இல் இக்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகையும், அதனுள் நன்னீர் ஊறும் சிறு கிணறும் உண்டு. வழியில் உடன்குடியில் இறங்கினால் கருப்பட்டி. ஊருக்குள் பனையோலையில் பெட்டியும் கூடையும் முடையும் பெண்கள். கண்ணுக்கு வேண்டியதெல்லாம் அங்கே இருக்கிறது; மறுக்க எங்களிடம் எதுவுமில்லை.

புன்னைக்காயலில் பார்ப்பதற்கு என்ன உண்டு என்று அவர் கேட்டார். ஆறு, கடல், படகுகள், ஒரு தேவாலயம் என்று சொல்லி நிறுத்திக்கொண்டோம். கோட்டை? இல்லை. அச்சுக்கூடம்? இல்லை. அப்படியானால் எதற்காகப் போக வேண்டும்?

அதற்குப் பதில் ஆற்றிடம் இருக்கிறது. பொதிகையில் பிறந்து 125 கி.மீ.க்குச் சற்று மேல் ஓடி வரும் தாமிரபரணி, தான் வளர்த்த துறைமுகங்களைத் தானே தூர்த்தது. கிரேக்க, உரோமானியர் அறிந்த கொற்கை, பாண்டியரின் முத்துத் துறை. 1968-69-இல் தமிழகத் தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785 எனக் கணிக்கப்பட்டது. இன்று அவ்வூரில் நின்றால் கடலின் ஓசையும் கேட்காது, சுற்றிலும் வயல். ஆறு கொணர்ந்த வண்டல் கடலைப் பின்னுக்குத் தள்ளிவிட, கப்பல்கள் காயலை நாடின. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டது அந்தக் காயல். ஓர்முசிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகள் வந்திறங்கிய துறை அது. (அக்குதிரைகளைப் பேணத் தெரியாமல் இங்குள்ளோர் சாகவிட்டார்கள் என்று அவர் எழுதிவைத்தது நமக்குப் பெருமையான செய்தியன்று.) 1881-இல் திருநெல்வேலிச் சரித்திரத்தை வெளியிட்ட கால்டுவெல், மண்ணைத் தோண்டியும் பார்த்து, அது பழையகாயலே என்று நிறுவினார். அதுவும் தூர்ந்தது. அடுத்து எழுந்ததே புன்னைக்காயல். 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் இக்கரையில் போர்த்துக்கீசியரின் தலைமையிடமாக இருந்தது. பின்னர் அப்பெருமையும் தூத்துக்குடிக்குப் போயிற்று.

அந்தச் சில பத்தாண்டுகளுக்குள்தான் தமிழுக்கு ஒரு பெரிய காரியம் நடந்தது. 1547 வாக்கில் இக்கரைக்கு வந்த அண்டிரிக் அடிகளார் புன்னைக்காயலில் தங்கித் தமிழ் கற்றார். சவேரியாருக்குத் தமிழ் கடைசிவரை மனப்பாடம்தான்; அண்டிரிக்கோ மொழிக்குள் இறங்கி, போர்த்துக்கீசிய மொழியில் ஒரு தமிழ் இலக்கணமே எழுதினார். 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சான அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’, 16 பக்கங்களே கொண்ட சிறு நூல். இந்திய மொழியொன்றில் இந்திய மண்ணில் அச்சேறிக் கிடைத்திருக்கும் முதல் நூல் அதுவே. 1586-இல் ‘அடியார் வரலாறு’ வந்தது. அச்சுக்கான பணத்தைத் திரட்டித் தந்தவர்கள் இக்கரைப் பரதவர்கள். முத்துக்காகக் கடலுக்குள் மூச்சடக்கி இறங்கியவர்களின் காசில் தமிழ் அச்சேறியது என்பதை நமது இலக்கிய வரலாறுகள் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. எங்களுக்கு அது உறுத்தலாகவே இருந்துவந்தது. மணப்பாட்டின் பாறை தன் நூற்றாண்டைத் தாங்கி நிற்கிறது. அதைக் காண ஆட்கள் எப்போதும் வருவார்கள். புன்னைக்காயலுக்கு யார் போவது?

நண்பர் உடனே இசைந்துவிடவில்லை. குழந்தைகளோடு செல்வோர்க்கு மணப்பாடே ஏற்றது என்றார், அது சரிதான். ஆயினும் அங்கும் மீன்பிடி படகில் ஏறிக் கடலுக்குள் போகும் ஆசை கூடாது. 2017 பிப்ரவரியில் அப்படிச் சென்ற படகு கவிழ்ந்து பலர் மாண்டனர். இரண்டு ஊர்களையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று யோசனை சொன்னவரும் உண்டு. பேருந்தில் ஏறி இறங்கிய நினைவுதான் மிஞ்சும் என்று அதைத் தள்ளினோம்.

மாதமும் எங்கள் பக்கம் பேசியது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டி ஆற்றில் நீர் நிறைய வருவது மழைக்காலத்தில்தான். கோடையில் போனால் முகத்துவாரத்தில் கடல்நீரே ஏறி நிற்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டி, பள்ளத்தாக்கின் ஊர்களெல்லாம் மூழ்கியதை யாரும் மறக்கவில்லை. அவ்வெள்ளமும் இதே முகத்துவாரத்தின் வழியே கடலுக்குப் போயிற்று.

ஆகவே தை பிறந்ததும் புன்னைக்காயல். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் ரயிலில் ஆறுமுகனேரி வரை செல்வது. ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால்களைப் பார்த்துவிட்டுக் கிழக்கே திரும்புவது. மணப்பாட்டுக்காரர் தம் பையில் தூண்டிலை எடுத்து வைத்துக்கொண்டார். பார்க்க ஒன்றுமில்லாத ஊரில் பொழுது போக வேண்டாமா என்கிறார்.