கண்ணாடிப் பேழையில் வந்த கன்று

செடிக்கு வீடு கட்டுவார்கள் என்பது வாவிக்கரையில் பிறந்தவனுக்குப் புதுமை. எங்கள் மட்டக்களப்பிலே கண்டல் மரம் உப்புநீரில் தானாகவே வேரூன்றும். அதற்கு எவரும் கூரை போடுவதில்லை. ஆகவே, 1821இல் அலெக்சாண்டர் மூன் தொடக்கி வைத்த பேராதனைப் பூங்காவுக்கு மாணவரோடு சென்றபோது, ஓர்க்கிட் மலர்மனையினுள் நெடுநேரம் நின்றுவிட்டேன்.

"சூடான நாட்டுச் செடிக்குச் சூடான நாட்டிலேயே ஏன் சேர் வீடு?" என்றான் ஒருவன்.

"நிழலுக்கும் ஈரத்துக்கும்" என்றேன். ஆனால், இத்தகைய மனைகளின் கதை இலண்டனை அடுத்த கியூ பூங்காவோடு தொடர்புடையது. அங்கே 1844க்கும் 1848க்கும் இடையில் இரும்பாலும் கண்ணாடியாலும் பனைமனை எழுந்தது. டெசிமஸ் பேர்ட்டனும் ரிச்சர்ட் டேர்னரும் அதனை உருவாக்கினர். குளிர்நாட்டின் நடுவே, கொதிகலன் சூட்டிலே பனையும் தாழையும் தழைத்தன. அழகு மட்டுமன்று நோக்கம். குடியேற்ற நாடுகளில் எந்தப் பயிர் பணந்தரும் என்று ஆராய்வதும் கியூவின் பணியாயிற்று.

இன்னொரு கண்ணாடி மனையும் உண்டு. கப்பலில் ஏற்றக்கூடிய சிறுமனை. மூடிய போத்தலுக்குள் பன்னச்செடி முளைத்ததைக் கண்ட நத்தானியல் வார்ட் என்ற இலண்டன் மருத்துவர் அமைத்த பேழை அது. உள்ளிருக்கும் ஈரமே மீண்டும் மீண்டும் செடிக்கு நீராகும். 1876இல் பிரேசிலிலிருந்து கியூவுக்கு வந்த ஏறத்தாழ 70,000 றப்பர் விதைகளில் 2,700 அளவிலேயே முளைத்தன. அவற்றுள் 1,900க்கு மேற்பட்ட கன்றுகள் இத்தகைய பேழைகளில் இலங்கை வந்தன. கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைப் பூங்காவில் அவை வேரூன்றின.

முல்லைக்குப் பாரி தேர் ஈந்தான்; அது இரக்கம். றப்பருக்குப் பேரரசு பேழை ஈந்தது. அது இலாபக் கணக்கு.

தோட்டங்களிலே உழைக்கத் தமிழகத்திலிருந்து வந்த மனிதருக்குப் பேழை இருக்கவில்லை. கன்று இந்நாட்டு மரமாயிற்று. அவர்களுட் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிற்று. எஞ்சியோருக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வழிதிறக்க 55 ஆண்டுகள் சென்றன.

கேள்வி கேட்ட மாணவன், 1977 வன்செயலின் பின் மலையகத்திலிருந்து எங்கள் பக்கம் வந்து குடியேறிய குடும்பமொன்றின் பேரன். பூங்காவை விட்டு வெளியேறும்போது, "மரத்துக்கெல்லாம் பேர்ப்பலகை இருக்கு. எங்கட ஆக்கள்ர பேர் ஒரு பலகையிலயும் இல்லையே, சேர்" என்றான்.

அன்பர்களே, அந்தப் பெயர்களை எழுதிவைப்பது இலக்கியத்தின் கடனல்லவா?