மரக்கானாசோ (ஜூலை 16, 1950)

மரக்கானாசோ என்பது 1950 ஜூலை 16 அன்று ரியோ டி ஜெனீரோவின் மரக்கானா விளையாட்டரங்கில் உருகுவே அணி பிரேசில் அணியை 2–1 என்ற கோல் கணக்கில் வென்று காற்பந்து உலகக்கோப்பையைக் கைப்பற்றிய நிகழ்வைக் குறிக்கும் சொல் ஆகும். எசுப்பானிய மொழியில் ஒரு பெயரின் பின் சேரும் "ஆசோ" என்னும் விகுதி பலத்த அடியைக் குறிக்கும். எனவே "மரக்கானா அடி" என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். போர்த்துக்கேய மொழியில் இது மரக்கானாசு என வழங்குகிறது. காற்பந்து வரலாற்றில் எதிர்பாராத வெற்றிகள் பல உண்டு. ஆனால் ஓர் ஆட்டத்தின் முடிவு ஒரு நாட்டின் அணிச் சீருடையை மாற்றியதும், ஒரு மனிதரின் எஞ்சிய ஐம்பது ஆண்டு வாழ்வைத் தீர்மானித்ததும் இந்த ஒரு நாளில்தான்.

பின்னணி

இரண்டாம் உலகப் போரால் 1942, 1946 ஆண்டுகளில் உலகக்கோப்பை நடைபெறவில்லை. பன்னிரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பின் 1950 இல் போட்டியை நடத்தும் பொறுப்பைப் பிரேசில் ஏற்றது. அப்போது நாட்டின் தலைநகராக இருந்த ரியோவில், இதற்கெனவே மரக்கானா அரங்கு கட்டப்பட்டது. 1948 ஆகஸ்டில் பணி தொடங்கி, 1950 ஜூன் 16 அன்று அரங்கு திறக்கப்பட்டது. பூச்சு வேலைகள் முடிவதற்கு முன்பே உலகக்கோப்பை ஆட்டங்கள் தொடங்கிவிட்டன. திறப்பு விழாவிலிருந்து சரியாக ஒரு மாதம் கழித்து வந்த நாள்தான் ஜூலை 16.

அவ்வாண்டுப் போட்டியில் பல நாடுகள் விலகிக்கொண்டதால் பதின்மூன்று அணிகளே விளையாடின. விலகிய நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. இத்தாலி, சுவீடன், பராகுவே ஆகியவற்றுடன் ஒரே பிரிவில் இடம்பெற்றிருந்த இந்திய அணி பிரேசிலுக்குச் செல்லவே இல்லை. உருகுவேயின் பிரிவிலும் விலகல்கள் ஏற்பட்டதால் அது பொலிவியாவுடன் ஒரே ஓர் ஆட்டம் ஆடி, 8–0 என வென்று அடுத்த சுற்றுக்குச் சென்றது.

இந்த உலகக்கோப்பையில் இறுதியாட்டம் என ஒன்று இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. நான்கு பிரிவுகளில் முதலிடம் பெற்ற பிரேசில், உருகுவே, சுவீடன், எசுப்பானியா ஆகிய அணிகள் ஒன்றோடொன்று மோதி, அதிகப் புள்ளி பெறும் அணி வாகையர் ஆகும் என்பதே விதி. பிரேசில் சுவீடனை 7–1 என்றும் எசுப்பானியாவை 6–1 என்றும் நொறுக்கியது. உருகுவேயோ எசுப்பானியாவுடன் 2–2 எனச் சமன் செய்து, சுவீடனை 3–2 எனத் தடுமாறி வென்றது. ஆகவே கடைசி நாளில் பிரேசிலுக்குச் சமநிலையே போதுமானதாக இருந்தது. உருகுவே வென்றே தீரவேண்டும். அதே நாளில் சாவோ பாவுலோவில் நடந்த மற்றோர் ஆட்டத்தில் சுவீடன் எசுப்பானியாவை 3–1 என வென்று மூன்றாமிடம் பெற்றது. அதைக் கவனித்தோர் மிகச் சிலரே.

முன்கூட்டிய வெற்றி விழா

பிரேசிலில் வெற்றி உறுதியென்றே கருதப்பட்டது. ஆட்டத்துக்கு முன்பே ரியோவின் நாளிதழ் ஒன்று அணியின் படத்தை வெளியிட்டு, உலக வாகையர் இவர்களே என்று அறிவித்தது. உருகுவே அணித்தலைவர் ஒப்துலியோ வரேலா அந்த இதழின் படிகளை வாங்கிவந்து, விடுதியின் கழிவறைத் தரையில் பரப்பி, சக வீரர்களை அதன்மேல் சிறுநீர் கழிக்கச் சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. பிரேசில் வெற்றியாளர்களுக்கான பாடல் ஆயத்தமாக இருந்தது. வீரர்களின் பெயர் பொறித்த பதக்கங்களும் செய்யப்பட்டிருந்தன. ஆட்டம் தொடங்குமுன் ரியோ நகரத் தலைவர் ஆஞ்செலோ மென்டெஸ் டி மொராயிஸ் ஒலிபெருக்கியில் பேசியபோது, வீரர்களை வாகையர் என்றே விளித்தார்.

ஆனால் உருகுவே எளிய எதிரணி அன்று. 1924, 1928 ஒலிம்பிக் தங்கங்களையும் 1930 இன் முதல் உலகக்கோப்பையையும் வென்ற நாடு அது. 1934, 1938 போட்டிகளில் அது கலந்துகொள்ளாததால் உலகக்கோப்பையில் அதுவரை தோல்வியையே அறியாதிருந்தது. மேலும், இதே ஆண்டு மே மாதத்தில் ரியோ பிராங்கோ கோப்பைக்காக இவ்விரு அணிகளும் மூன்று முறை மோதின. முதல் ஆட்டத்தை உருகுவே 4–3 என வென்றது. மற்ற இரண்டையும் பிரேசில் 3–2, 1–0 என ஒரே கோல் வித்தியாசத்தில்தான் வென்றது. இரண்டு மாதம் முன்பு கிடைத்த இந்த எச்சரிக்கையை ரியோவில் எவரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. "உலகையே வியக்கவைத்த அதிர்ச்சி" என்று இந்த ஆட்டத்தை வருணிப்போரும் பெரும்பாலும் இதைக் குறிப்பிடுவதில்லை.

ஆட்டம்

நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே சென்றோர் எண்ணிக்கை 1,73,850 ஆகும். மொத்தக் கூட்டம் இரண்டு இலட்சத்தை நெருங்கியது என்று மதிப்பிடப்படுகிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் ரீடர் நடுவராகப் பணியாற்றினார். பிரேசில் அணியைப் ஃபிளாவியோ கோஸ்தாவும் உருகுவே அணியை ஹுவான் லோப்பஸும் பயிற்றுவித்தனர். பிரேசிலுக்காக பர்போசா, அகுஸ்தோ (தலைவர்), ஜுவெனல், பாவர், டனிலோ, பிகோடே, ஃபிரியாசா, சிசினோ, அடெமிர், ஜாயிர், ஷிகோ ஆகியோரும், உருகுவேக்காக மாஸ்போலி, கொன்சாலஸ், தெஹெரா, கம்பெத்தா, வரேலா (தலைவர்), ரோட்ரிகஸ் அன்ட்ராடே, கிக்ஜியா, ஹூலியோ பெரஸ், மீகஸ், ஸ்கியாஃபினோ, மொரான் ஆகியோரும் களமிறங்கினர்.

முதற்பாதியில் பிரேசில் இடைவிடாது தாக்கியது. கோல் காப்பாளர் மாஸ்போலியும் தடுப்பாளர்களும் அவற்றைத் தாங்கி நின்றனர். இடைவேளையில் எவரும் கோல் அடித்திருக்கவில்லை. 47 ஆம் நிமிடத்தில் ஃபிரியாசா பிரேசிலின் கோலை அடித்தார். அரங்கம் ஆர்ப்பரித்தது.

இந்த இடத்தில் வரேலா செய்தது காற்பந்து நூல்களில் மீண்டும் மீண்டும் பேசப்படுவதாகும். அவர் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அவசரமே இல்லாதவர்போல் நடந்து சென்று, அது ஆஃப்சைடு என வாதிட்டார். நடுவருக்கு எசுப்பானியம் தெரியாது. வரேலாவுக்கு ஆங்கிலம் தெரியாது. எனவே மொழிபெயர்ப்பாளரை அழைக்கவேண்டும் எனக் கோரினார். கோல் செல்லும் என்பது அவருக்கும் தெரிந்தே இருந்தது. கூட்டத்தின் கொண்டாட்டம் வடிந்து, தம் வீரர்கள் நிதானத்துக்கு வருவதற்கான நேரத்தையே அவர் இவ்வாறு பெற்றுத்தந்தார்.

அதன்பின் உருகுவேயின் தாக்குதல் வலது ஓரத்துக்கு மாறியது. 66 ஆம் நிமிடத்தில் வலது ஓர முன்கள வீரர் ஆல்சீடெஸ் கிக்ஜியா, தம்மைக் காத்துநின்ற பிகோடேயைக் கடந்து ஓடி, பந்தைக் குறுக்கே அனுப்பினார். ஹுவான் ஆல்பர்ட்டோ ஸ்கியாஃபினோ அதை வலைக்குள் அடித்துச் சமன் செய்தார். அப்போதும் கோப்பை பிரேசிலிடமே இருந்தது. ஆயினும் அரங்கம் அமைதியானது. அந்த அமைதி வீரர்களையும் தொற்றிக்கொண்டது.

79 ஆம் நிமிடத்தில் அதே ஓரத்தில் பெரஸுடன் பந்தைப் பரிமாறிக்கொண்ட கிக்ஜியா மீண்டும் பிகோடேயைக் கடந்தார். உதவிக்கு வரவேண்டிய ஜுவெனல் உரிய நேரத்தில் வந்துசேரவில்லை. கோல் காப்பாளர் மொஆசிர் பர்போசா, பதின்மூன்று நிமிடங்களுக்கு முன் நடந்ததே மறுபடி நடக்கும் என எதிர்பார்த்தார். அது நியாயமான கணிப்புமாகும். நடுவில் ஸ்கியாஃபினோவும் மீகஸும் ஓடிவந்துகொண்டிருந்தனர். குறுக்கே வரும் பந்தைப் பிடிப்பதற்காக அவர் அருகிலிருந்த கம்பத்தைவிட்டு ஓரடி விலகினார். கிக்ஜியா அந்த இடைவெளியைக் கண்டு, கம்பத்துக்கும் காப்பாளருக்கும் நடுவே தாழ்வாக அடித்தார். பின்னோக்கிப் பாய்ந்த பர்போசா பந்தைத் தாம் தொட்டுவிட்டதாகவும், அது வெளியே சென்றிருக்கும் என்று எண்ணியதாகவும், அரங்கின் மௌனத்தைக் கேட்ட பிறகே திரும்பிப் பார்த்ததாகவும் பின்னாளில் கூறினார்.

வானொலி வர்ணனையாளர் லூயிஸ் மென்டெஸ் "உருகுவே கோல்" என்ற சொற்களை நம்பமுடியாதவராய் வெவ்வேறு தொனியில் பலமுறை திரும்பத் திரும்பச் சொன்னார்.

கோப்பை வழங்கல்

காற்பந்துக் கூட்டமைப்பின் தலைவர் ஜூல்ஸ் ரிமே, பிரேசிலைப் பாராட்டும் உரையுடன் வந்திருந்தார். ஆட்டம் 1–1 என இருந்தபோது இருக்கையைவிட்டு எழுந்து, படிகளிலும் சுரங்கப்பாதையிலும் இறங்கிக் களத்துக்கு வந்துசேர்ந்தார். அதற்குள் எல்லாம் மாறியிருந்தது. மரியாதை அணிவகுப்பும் இல்லை, நாட்டுப்பண்ணும் இல்லை. கூட்ட நெரிசலில் கோப்பையுடன் தனித்துவிடப்பட்ட ரிமே, ஒருவாறு வரேலாவைக் கண்டுபிடித்து, உரை ஏதுமின்றி அதை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சென்றார். வரேலா அன்றிரவு ரியோவின் மதுக்கடைகளில், அழுதுகொண்டிருந்த பிரேசிலியருடன் அமர்ந்து குடித்தார். அவர்களைக் கண்டு தமக்கு இரக்கமே மேலிட்டதாகப் பின்னர் அவர் சொல்லியுள்ளார்.

பழியும் பர்போசாவும்

தோல்விக்கான பழி பர்போசா, ஜுவெனல், பிகோடே ஆகிய மூவர் மீது விழுந்தது. மூவரும் கறுப்பினத்தவர். கறுப்பின வீரர்களுக்கு மன உறுதி போதாது என்ற பழைய எண்ணம் இதனால் மீண்டும் தலைதூக்கியது. வென்ற அணியின் தலைவரான வரேலாவே "கறுப்புத் தலைவர்" என்ற பட்டப்பெயரால் அறியப்பட்டவர்; ரோட்ரிகஸ் அன்ட்ராடேயும் கறுப்பினத்தவர். இதைக் கண்ட பின்னும் அந்த எண்ணம் நிலைத்ததை விளங்கிக்கொள்வது கடினம். கண்முன் இருந்த சான்றைக் காட்டிலும் பழைய கற்பிதம் வலுவாயிருந்தது.

1921 இல் காம்பினாஸ் நகரில் பிறந்த பர்போசா, வாஸ்கோ ட காமா கழகத்தின் கோல் காப்பாளர். அக்காலத்தின் தலைசிறந்த காப்பாளர்களுள் ஒருவர். 1949 இல் தென்னமெரிக்க வாகையர் பட்டத்தைப் பிரேசில் வென்றபோது கோலைக் காத்தவரும் அவரே. 1950 க்குப் பின் நாட்டு அணிக்காக அவர் ஆடியது மிகக் குறைவு. ஓய்வுக்குப் பின் மரக்கானா வளாகத்திலேயே பணியாற்றினார். மரக்கானாவின் பழைய மரக் கோல் கம்பங்கள் மாற்றப்பட்டபோது அவை அவருக்குக் கிடைத்தன என்றும், அவற்றை விறகாக்கி இறைச்சி சுட்டு நண்பர்களுக்கு விருந்து வைத்தார் என்றும் ஒரு செய்தி உண்டு. கடை ஒன்றில் ஒரு பெண் அவரைச் சுட்டி, பிரேசில் முழுவதையும் அழவைத்தவர் இவர்தான் என்று தன் மகனிடம் சொன்னதைத் தம் வாழ்வின் மிகத் துயரமான கணமாக அவர் நினைவுகூர்ந்தார்.

1993 இல் பிரேசில் அணியின் பயிற்சி முகாமுக்குச் சென்றபோது, துரதிர்ஷ்டம் வரும் என்ற அச்சத்தால் வீரர்களைச் சந்திக்க அவர் அனுமதிக்கப்படவில்லை. பிரேசில் சட்டத்தில் மிகக் கூடிய தண்டனை முப்பது ஆண்டு, தமக்கோ ஐம்பது ஆண்டு என்று தம் இறுதிக் காலத்தில் கூறினார். 2000 ஏப்ரல் 7 அன்று அவர் காலமானார்.

அந்தக் கோலில் பர்போசா செய்த பிழை ஓரடி தூரம். அதே ஓரத்தில் ஒரு கோல் விழுந்த பின்னும் பிகோடேக்குத் துணையாக இன்னொருவரை நிறுத்தாத பயிற்சியாளர் கோஸ்தா, பின்னர் மீண்டும் நாட்டு அணியைப் பயிற்றுவித்தார்.

சீருடை மாற்றம்

1950 வரை பிரேசிலின் சீருடை நீலக் கழுத்துப்பட்டையுடன் கூடிய வெள்ளை. அது நாட்டுப்பற்றை உணர்த்தவில்லை என்ற கருத்து தோல்விக்குப் பின் எழுந்தது. 1953 இல் ரியோவின் கொரெயோ டா மன்யா நாளிதழ், நாட்டுக் கொடியின் நான்கு நிறங்களையும் கொண்ட புதிய சீருடைக்கான போட்டியை நடத்தியது. இதில் வென்றவர் பதின்ம வயது ஓவியரான அல்தீர் கார்சியா ஷ்லீ. பச்சைக் கரையிட்ட மஞ்சள் மேற்சட்டை, நீலக் காற்சட்டை, வெள்ளைக் காலுறை என்பதே அவரது வடிவம். 1954 மார்ச்சில் அது அரங்கேறியது. உருகுவே எல்லையோரமாகிய ஜாகுவாரோவில் பிறந்த ஷ்லீ, பின்னாளில் எழுத்தாளராகப் புகழ் பெற்றார். இன்று உலகம் பிரேசிலாக அடையாளம் காணும் மஞ்சள் சட்டையை வரைந்த அவர், தம் மனம் உருகுவே அணியின் பக்கமே என்று வெளிப்படையாகச் சொல்லிவந்தார். வெள்ளைச் சீருடையைப் பிரேசில் 2019 கோப்பா அமெரிக்காவின் தொடக்க ஆட்டத்தில், 1919 வெற்றியின் நூற்றாண்டு நினைவாக மீண்டும் அணிந்தது.

பின்னர் வந்த ஜூலை 16கள்

1989 கோப்பா அமெரிக்காவின் கடைசி ஆட்டம் ஜூலை 16 அன்று மரக்கானாவில், இதே இரு அணிகளுக்கிடையே நடந்தது. அதுவும் இறுதியாட்டமின்றிச் சுற்று முறையில் நடந்த போட்டியே. ரொமாரியோ அடித்த ஒரே கோலால் பிரேசில் வென்றது. 1949 க்குப் பின் பிரேசிலுக்குக் கிடைத்த முதல் தென்னமெரிக்கப் பட்டம் இதுவாகும். 1950 தோல்வியின்போது தந்தை அழுவதைக் கண்ட ஒன்பது வயது பெலே, உலகக்கோப்பையை வென்று தருவதாக அவருக்கு வாக்களித்து, 1958 இல் அதை நிறைவேற்றியது பலரும் அறிந்த செய்தி. 2014 ஜூலை 8 அன்று பெலோ ஒரிசோன்டேயில் ஜெர்மனியிடம் பிரேசில் 1–7 எனத் தோற்றபோது, ஏடுகள் மரக்கானாசோவையே ஒப்பிட்டு எழுதின.

அந்த உலகக்கோப்பையில் உருகுவே ஆடிய நான்கு ஆட்டங்களிலும் கோல் அடித்தவர் கிக்ஜியா. மரக்கானாவை மௌனமாக்கியவர்கள் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால், பாடகர் ஃபிராங்க் சினாட்ரா, தாம் ஆகிய மூவரே என்று அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 2009 டிசம்பரில் அதே அரங்கு அவரை அழைத்துச் சிறப்பித்து, அவரது காலடித் தடங்களைப் பதித்துக்கொண்டது. அன்று களத்தில் ஆடிய இருபத்திரண்டு பேரில் கடைசியாக உயிருடன் இருந்தவர் அவரே. தம் 88 ஆம் வயதில், 2015 ஜூலை 16 அன்று, அந்தக் கோலை அடித்துச் சரியாக அறுபத்தைந்து ஆண்டுகள் நிறைவடைந்த நாளில் அவர் மறைந்தார்.